அண்ணியின் சுண்டுவிரல்

இசைக்குழுவில் முப்பத்தெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் அவள் அண்ணிதான். அப்படிக் கூப்பிடுகிற உரிமை உண்மையில் ஒருத்திக்குத்தான் உண்டு: இரண்டாம் வயலின் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் நாத்தனாருக்கு. சேர்ந்த முதல் நாளே, "அண்ணி, பென்சில் இருக்கா? அண்ணி, எத்தனாவது பக்கம்? அண்ணி, இங்க வில்லு மேலயா கீழயா?" என்று அந்தப் பெண் வாய் ஓயாமல் கேட்டதில் சொல் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில், அண்ணியைவிடப் பத்து வயது மூத்த செல்லோக்காரர்கூட "என்ன அண்ணி, சௌக்கியமா?" என்றார். இசை நடத்தும் மாஸ்டர் மட்டும் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கிய பெயர்: சுண்டுவிரல். இரண்டாம் வயலின்காரர்கள் பத்துப் பேருக்கும் தலைவி அவள். வில் பிடிக்கும் விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது. ஒத்திகைக்கு நடுவில் சட்டென்று திரும்பி, "பின்னாடி, ரெண்டாவது ஆளு, சுண்டுவிரல் வளைஞ்சு நிக்கட்டும்" என்பாள். வயலின் வில்லை அடிப்பகுதியில்தான் பிடிக்கிறோம். மீதி நீளமெல்லாம் முன்னால் நீட்டிக்கொண்டு, எப்போது கவிழலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். கட்டைவிரல் தாங்கும், நடு மூன்று விரல்களும் அணைத்துக்கொள்ளும், கவிழாமல் காப்பது கடைசியில் வளைந்து நிற்கும் அந்தச் சின்ன விரல்தான். இதை அவள் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களுக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பத்துப் பேர் வில் பிடித்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அவளுடைய சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது ஐந்து மாதத்துக்கு முன்பு. முதலில் காலையில் மட்டும். பிறகு முழங்கையை மடித்து வைத்தாலே போதும், விரலுக்குள் எறும்பு ஊர்ந்தது. வில்லின் மேல் வளைந்து நிற்க வேண்டிய விரல் திடீரென்று நடுக்கணுவில் மடங்கி விழுந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் ஏதாவது சொல்லித் தொலைப்பாரே என்ற பயம். அதற்குப் பதில் ஒரு மருந்துக் கடைக்குப் போனாள்.

கால் ஆணிக்குப் போடும் பிளாஸ்திரி என்று ஒன்று உண்டு. மெத்தென்று, வட்டமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்கும். புதிதாக வயலின் கற்கும் ஏழு வயதுப் பிள்ளைகளின் வில்லில், சுண்டுவிரல் நழுவாமலிருக்க அதை ஒட்டிக்கொடுப்பார்கள். இரண்டு மாதத்தில் பிய்த்து எறிந்துவிட வேண்டும். அதற்கு மேலும் வைத்திருக்கும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் கேலி செய்யும்.

"கால் ஆணியா? எந்தக் கால்ல?" என்று மருந்துக் கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார்.

"இடது கால்ல" என்றாள் அண்ணி. கடையை விட்டு இறங்கும்போது இடது காலை லேசாக நொண்டினாள். தெருமுனை திரும்பும்வரை நொண்டினாள். நாற்பத்தாறு வயதில் இந்தக் கூத்து தேவையா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வீட்டில் கணவர் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டபோதும் கால் ஆணி என்றே சொன்னாள். அவரும் நம்பிக்கொண்டு, வெந்நீரில் காலை வை என்று நாலு நாள் நச்சரித்தார்.

பிளாஸ்திரி வேலை செய்தது. தோல் நிறத்தில் இருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் இருக்கும் நாத்தனாரோ அவசரக்காரி, அவளுக்கு நோட்டைப் பார்ப்பதற்கே நேரம் போதாது. இப்படியே நாள் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிக்கு ஒலிப்பதிவோடு படப்பிடிப்பும் இருந்தது. மேடைக்குப் பின்னால் வந்த கேமராக்காரர் உற்சாகமாகச் சொன்னார்: "வாசிக்கிறவங்க கையை எல்லாம் நல்லா கிட்டத்துல எடுக்கப்போறோம். திரையில பெரிசா வரும்."

அண்ணிக்கு அது இப்போதே கண்முன் தெரிந்தது. ஆளுயரத் திரையில் தன் கை, அதன் கீழே ஏழு வயதுப் பிள்ளையின் பிளாஸ்திரி. அவளிடம் இருபத்திரண்டு வருடம் சுண்டுவிரல் பாடம் கேட்டவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். உடை மாற்றும் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது. வயலின் வாசிக்கும் வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே விட்டிருப்பார்கள். பிசின் இருந்தால் விரலுக்குப் பிடிமானமாவது கிடைக்கும். இவள் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அந்த இடத்தைப் பளபளவென்று துடைத்தாள். கேமராவில் ஒரு தடம்கூடத் தெரியக்கூடாது அல்லவா?

இரண்டாவது உருப்படியின் நடுவில் எல்லோரும் நிறுத்தி, எட்டு எண்ணிக்கை மௌனமாக இருந்து, பிறகு இரண்டாம் வயலின்கள் மட்டும் மிக மெல்லத் தொடங்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் பக்கம் புரட்ட வேண்டும். உள்பக்கம் உட்காருபவர் புரட்டுவது வழக்கம், அதாவது நாத்தனார். அவள் வழக்கம்போல் விருட்டென்று கை நீட்டிப் புரட்டினாள், வழக்கம்போல் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அண்ணி வில்லைத் தந்திக்கு மேலே காற்றில் பிடித்திருந்தாள். முழு பாரமும் சுண்டுவிரலில் இருக்கிற நிலை அது. ஆறு எண்ணும்போது விரல் செத்தது. ஏழில் மடங்கியது.

வில் நுனி முதலில் நோட்டுத்தாங்கியில் இடித்து, பிறகு மரத்தரையில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, பக்கத்து வரிசைக்காரரின் காலடியில் போய்ப் படுத்தது. எண்ணூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அரங்கம். ஓர் இருமல்கூட இல்லை.

மற்றவர்கள் எப்படியோ தொடங்கிவிட்டார்கள். பக்கத்து வரிசைக்காரர் வில்லை எடுத்துக் கொடுத்தார். கச்சேரி நடந்து முடிந்தது. திரை விழுந்ததும் நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, என் கை பட்டுடுச்சா? பக்கம் திருப்பும்போது உங்க வில்லு நுனில பட்டுடுச்சா?"

கை படவில்லை. ஒரு சாண் இடைவெளி இருந்தது. அண்ணி அதைக் கண்ணால் பார்த்திருந்தாள். "இல்லம்மா, என் விரல்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் செல்லோக்காரர் அருகில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கேமராக்காரர். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"பரவாயில்லை, விடு" என்றாள் அண்ணி.

பொய் என்று பார்த்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செய்யாத குற்றத்தை மன்னித்தாள், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் நாத்தனாரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டோம் என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரியும். தெரிந்ததும் உடம்பு கூசியது. ஆனாலும் சிரித்தாள்.

சிரித்தது போதாதென்று பாராட்டு வேறு. "வேற யாராவது இருந்தா அந்தப் பொண்ணைக் கடிச்சுத் துப்பியிருப்பாங்க" என்றார் செல்லோக்காரர். மாஸ்டர் போகிற போக்கில் அவள் தோளைத் தட்டி, "உங்களுக்குப் பெரிய மனசு அண்ணி" என்றார். அவள் அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு அது சோதனை வருடம். சேர்ந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். அண்ணிக்கு இது தெரியாமல் இல்லை. கச்சேரியன்று இரவுச் சாப்பாட்டின்போதும் தெரியும், மறுநாள் பல் தேய்க்கும்போதும் தெரியும்.

அடுத்தடுத்த ஒத்திகைகளில் நாத்தனார் வேறு ஆளாகிவிட்டாள். பக்கம் புரட்ட வேண்டிய இடம் வருவதற்கு நான்கு வரி முன்பே வாசிப்பதை நிறுத்திவிட்டு, நாற்காலியின் ஓரத்துக்கு ஒதுங்கி, தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, சூடான பாத்திரத்தின் மூடியைத் திறப்பதுபோல் திறந்தாள். திறந்து முடிப்பதற்குள் அடுத்த பகுதி ஓடியிருக்கும். அவள் தவறான இடத்தில் நுழைந்து, மறுபடி தவறினாள். மாஸ்டர் இரண்டு முறை குச்சியைத் தட்டி நிறுத்தினார். இரண்டு முறையும் அவள் அண்ணியைப் பார்த்து, "சாரி அண்ணி" என்றாள். மாஸ்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை இவளிடம் சொன்னாள். பிளாஸ்திரி மறுபடி வில்லில் ஏறியிருந்தது. அண்ணியின் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் வாசலிலேயே பேச்சை ஆரம்பிப்பவள், சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன சூறாவளி, காத்தே அடிக்கல?" என்றார் அண்ணியின் கணவர். தங்கையைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "சின்ன வயசுல இவ கை பட்டு உடையாத சாமான் எங்க வீட்டுல இல்ல. கண்ணாடி டம்ளர் எல்லாம் எவர்சில்வரா மாறினதே இவளாலதான். இப்ப எண்ணூறு பேர் முன்னாடி உன் அண்ணி வில்லையே தட்டிவிட்டுட்டியாமே!"

"நான் விலகிக்கிறேன் அண்ணா" என்றாள் நாத்தனார்.

"எதுல இருந்து?"

"குழுவுல இருந்து. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் போன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே எழுதிக் கொடுத்துடறேன். அண்ணி எனக்காகச் சொல்லித்தான் என்னை வாசிச்சுப் பார்க்கவே கூப்பிட்டாங்க. அவங்க மானத்தை நான் இப்படி வாங்கிட்டேன். அதுக்கப்புறமும் ஒரு வார்த்தை திட்டலையே! திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன்."

அண்ணியின் கையில் கரண்டி இருந்தது. இப்போது சொல்லிவிடலாம். மேசையில் மூன்றே பேர், மூன்று பேரும் சொந்தம். இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

"அவளே பெரிய மனசு பண்ணி விட்டுட்டா, நீ ஏன் பிடிச்சுத் தொங்கறே?" என்றார் கணவர்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து வந்தது அதுதான். நாத்தனாரின் தட்டில் பரிமாறிவிட்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். தன்னைப் போல் ஒரு கோழை உலகத்தில் இருக்க மாட்டாள் என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பிளாஸ்திரியைப் பிய்த்து டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஒத்திகை அறையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மாஸ்டரின் முன்னால் நாத்தனார் மடித்த கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கடிதம் ஏற்கெனவே மாஸ்டர் கைக்குப் போய்விட்டது.

"மாஸ்டர், அதைப் பிரிக்காதீங்க" என்றாள் அண்ணி. மூச்சு வாங்கியது. "அன்னிக்கு இவ கை என் வில்லுல படவே இல்ல. நான்தான் போட்டேன். என் சுண்டுவிரல் அஞ்சு மாசமா மரத்துப்போகுது. யார்கிட்டயும் சொல்லல."

நாத்தனாரின் கண் நிறைந்தது.

"பாருங்க மாஸ்டர்" என்றாள் அவள். "எனக்காக இப்ப பொய்யும் சொல்றாங்க. அண்ணி, ப்ளீஸ், போதும். எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

மாஸ்டர் அண்ணியைக் கனிவாகப் பார்த்தார். அந்தக் கனிவை அவளால் தாங்க முடியவில்லை. "உங்க மனசு எனக்குப் புரியுது அண்ணி" என்றார். "ஆனா உங்க கைக்கு ஒண்ணுன்னா எங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே எங்க எல்லாருக்கும் கையைச் சொல்லிக்கொடுக்கறீங்க."

அண்ணி டப்பாவைத் திறந்து பிளாஸ்திரியைக் காட்டினாள். "இதை வில்லுல ஒட்டித்தான் இத்தனை நாள் வாசிச்சேன்."

"அது கால் ஆணிக்கு வாங்கினது அண்ணி" என்றாள் நாத்தனார். "அண்ணன்தான் சொன்னாரே, வெந்நீர்ல வைக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறீங்கன்னு."

செல்லோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தான் சொன்ன பொய்கள் எல்லாம் எவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்று அண்ணிக்கு மலைப்பாக இருந்தது. நிஜத்துக்குத்தான் நிற்க இடமில்லை.

"சரி, அந்த இடத்தை வாசிக்கறேன். நீங்களே பாருங்க" என்றாள். பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தாள். துடைத்து வைத்த வழுக்கும் வில். தந்திக்கு மேலே காற்றில் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணினாள். விழு, விழு என்று விரலை வேண்டினாள். வீட்டில் ஆட்டம் போடும் பிள்ளை விருந்தாளியைப் பார்த்ததும் கைகட்டி நிற்குமே, அப்படி நின்றது அந்த விரல். வளைந்து, அசையாமல், பாடப்புத்தகப் படம்போல. வில் தந்தியைத் தொட்டது. ஐந்து மாதத்தில் அவள் அவ்வளவு மெல்லிய ஒலியை எழுப்பியதில்லை.

வாசித்து முடித்ததும் செல்லோக்காரர் செருப்பால் தரையைத் தேய்த்தார். மற்றவர்களும் தேய்த்தார்கள். கை நிறைய வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கைதட்டல்.

வேண்டுமென்றே கீழே போட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. நடித்தது போதும் என்று வில்லை நாற்காலியில் வைத்தாள். நாத்தனாரிடம் போய் வலது கையை நீட்டி, வில் பிடிப்பதுபோல் வெறும் விரல்களை வளைத்தாள்.

"உன் விரலால என் சுண்டுவிரலைத் தள்ளு."

"எதுக்கு அண்ணி?"

"தள்ளும்மா. நான் எதிர்த்துப் பிடிக்கறேன்."

நாத்தனார் தயங்கித் தயங்கி ஆள்காட்டி விரலை வைத்தாள். தள்ளினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டாள். சுண்டுவிரல் அப்படியே மடங்கிப் படுத்தது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அதை மறுபடி நிமிர்த்தினாள். நாத்தனார் இன்னும் மெதுவாகத் தொட்டாள். மறுபடி மடங்கியது. பிறகு நாத்தனார் தன் சுண்டுவிரலை வளைத்து, அதைத் தானே அழுத்திப் பார்த்தாள். அது எதிர்த்து நின்றது. வயலின் வாசிக்கிறவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தரையைத் தேய்த்த கால்கள் எல்லாம் நின்றுவிட்டன.

மாஸ்டர் கடிதத்தைப் பிரிக்காமலே நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்தார். "உன் இடம் உனக்குத்தான்மா. இன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். பிறகு அண்ணியைப் பார்க்காமல், "நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார்.

நாத்தனார் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். சந்தோஷப்படவில்லை.

"பட்டுச்சான்னு நான் கேட்டேனே" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "அப்பவே கேட்டேனே அண்ணி. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல ஏன் ஒம்பது நாள் ஆச்சு?"

"வெட்கமா இருந்துச்சு" என்றாள் அண்ணி. அவளிடம் இருந்த ஒரே உண்மையான பதில் அதுதான். சாக்கு எதுவும் சேர்க்கவில்லை.

"எனக்கும்தான் வெட்கமா இருந்துச்சு. ராத்திரி எல்லாம் இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, இதை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியாம கிடந்தேன். ஒம்பது நாளா நான் பட்டதெல்லாம் உங்களோட வெட்கம்னு எனக்குத் தெரியவே தெரியாது."

நாத்தனார் வயலினை எடுத்துக்கொண்டு, அண்ணியின் பக்கத்து நாற்காலியைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.